முதலில் குளிரவையுங்கள், பிறகு வடியுங்கள்: வீட்டில் கம்ப்ரசர் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

கார் ஷெட்டிலும் மாடிப்படிக்கு அடியிலும் கம்ப்ரசர் வைத்து வேலை செய்யும் கடலோர ஊர் நண்பர்களுக்கு,



திருவொற்றியூர் தொடங்கித் தூத்துக்குடி வரை, கடற்காற்று எட்டும் ஊர்களில் வீட்டிலேயே சின்னதாகப் பட்டறை போட்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒருவர் பழைய புல்லட்டின் பெட்ரோல் டேங்கைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறார். ஒருவர் தேக்கில் நாற்காலி செய்து அதற்கு பி.யூ. பாலிஷ் போடுகிறார். இன்னொருவர் சின்ன பிளாஸ்மா கட்டர் வைத்து கேட் வேலை எடுத்துச் செய்கிறார். வேலை வேறு வேறானாலும் மூலையில் நிற்பது ஏறக்குறைய ஒரே சாமான்தான்: இரண்டு எச்.பி. மோட்டாரும் நூறு லிட்டர் டேங்கும் உள்ள பெல்ட் கம்ப்ரசர். எல்லோரும் சொல்லும் புகாரும் ஒன்றுதான்: “லைன்ல தண்ணி வருது.”

அதற்குக் கடையில் கிடைக்கும் பதிலும் மாறுவதில்லை. “ஒரு ஃபில்டர் போடுங்க சார், சரியாயிடும்.” ஃபில்டரை வாங்கி, டேங்கின் வாயிலேயே முறுக்கிவிடுகிறோம். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் சேருவதைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிறது. அரை மணி நேரம் தொடர்ந்து அடித்ததும் ஸ்ப்ரே கன் மறுபடி எச்சில் துப்புகிறது. உடனே ஃபில்டர் போலி என்று முடிவு கட்டி, அதைவிட விலை கூடிய இன்னொன்றை வாங்குகிறோம்.

ஃபில்டரில் பெரும்பாலும் குற்றமில்லை. அதை மாட்டிய இடத்தில்தான் குற்றம். அழுத்திய காற்றை முதலில் குளிரவைக்க வேண்டும். குளிர்ந்ததும் விழும் தண்ணீரை வடிக்க வேண்டும். அதற்கும் தப்பிய ஆவியை, வேலைக்குத் தேவைப்பட்டால் மட்டும், உலர்த்த வேண்டும். இந்த வரிசை மாறினால் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் பயனில்லை. இந்த மடலில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

மே மாத மாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. வெப்பம் 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. கம்ப்ரசர் அதை 8 கிலோ அழுத்தத்துக்குத் திணிக்கும்போது, சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், காற்று ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்குகிறது. 1,000 லிட்டர் காற்று 111 லிட்டர் ஆகிவிடுகிறது. அதிலிருந்த 25 கிராம் தண்ணீரும் அந்த 111 லிட்டருக்குள்தான் இருந்தாக வேண்டும்.

இருக்க முடியுமா? ஓர் இடத்தில் எவ்வளவு நீராவி தங்கும் என்பதை அந்த இடத்தின் கன அளவும் வெப்பமும்தான் தீர்மானிக்கின்றன. அங்கே காற்று எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லலாம். 1801 வாக்கில் ஜான் டால்டன் கண்டு சொன்னது இது. அழுத்தத்தை ஏற்றுவதால் காற்றுக்குக் கூடுதல் தண்ணீரைச் சுமக்கும் திறன் வந்துவிடாது. 35 டிகிரி வெப்பத்தில் 111 லிட்டர் இடத்தில் 4.4 கிராம் ஆவிதான் தங்கும். மீதி 20 கிராமுக்கு மேல் தண்ணீராகி எங்கேயாவது விழுந்தே தீரும். இரண்டு எச்.பி. கம்ப்ரசர் உண்மையாகத் தரும் காற்று நிமிடத்துக்கு 170 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். அதைத் தடுக்க எந்தக் கம்பெனிக் கம்ப்ரசராலும் முடியாது. எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்.

மழைக்காலத்தில்தான் தண்ணீர்த் தொல்லை என்று பலர் நினைக்கிறீர்கள். கார்த்திகை மழை நாளின் காலையில் 25 டிகிரியும் 95 சதவீத ஈரப்பதமும் இருந்தால், கன மீட்டருக்கு 22 கிராம்தான் தேறும். நாம் மேலே பார்த்த மே மாத மாலையில் அதைவிடக் கூடுதல். மழைக்காலத்தில் காற்றில் ஈரப்பதத்தின் சதவீதம் கூடுகிறது. கோடையில் தண்ணீரின் எடை கூடுகிறது. வியர்வை காயாமல் சட்டை முதுகில் ஒட்டும் நாள்தான் கம்ப்ரசருக்கு மோசமான நாள். இதே 33 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் உள்நாட்டு ஊரில் கன மீட்டருக்கு 11 கிராம்கூட வராது. ஆகவே வறண்ட ஊர்க்காரர்கள், வறண்ட நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனைகளைக் கடலோரத்தில் அப்படியே பின்பற்றினால் கை சுடும்.

இனி ஃபில்டருக்கு வருவோம். ஒரே கட்டத்தில் 8 கிலோவுக்கு அழுத்தும் ஹெட்டிலிருந்து வெளிவரும் காற்று 150 டிகிரியையும் தாண்டும். டேங்குக்குள் வந்து கொஞ்சம் ஆறும். தொடர்ந்து ஓடினால் டேங்கும் சூடாகும். டேங்கில் காற்று 60 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில், நம் 25 கிராமில் 14 கிராம் இன்னும் ஆவியாகவே இருக்கிறது. டேங்கின் வாயில் நாம் மாட்டும் ஃபில்டர், காற்றைச் சுழற்றிவிட்டுத் துளிகளைச் சுவரில் அடித்துக் கீழே இறக்கும் சாதனம். துளியைத்தான் அதனால் பிடிக்க முடியும். ஆவி அதன் கண்ணில் படாது. அந்த 14 கிராமும் ஃபில்டரைக் கடந்து ஹோஸுக்குள் போய், சிமெண்ட் தரையில் கிடக்கும் ஹோஸில் 35 டிகிரிக்கு ஆறி, 10 கிராம் தண்ணீராக மாறி, கன் வழியே உங்கள் பெயிண்டில் வந்து விழுகிறது. முதல் பத்து நிமிடம் நன்றாக அடித்து, அரை மணிக்குப் பிறகு துப்புவதன் ரகசியம் இதுதான். தொடக்கத்தில் டேங்க் ஆறியிருந்தது, பிறகு சூடேறிவிட்டது.

ஆகவே டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையே காற்று ஆறுவதற்கு இடம் கொடுங்கள். எளிய வழி, ஷெட்டின் சுவரில் முக்கால் இன்ச் அல்லது ஒரு இன்ச் ஜி.ஐ. பைப்பை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஓட்டுவது. ஆளுயரத்துக்கு ஐந்தாறு செங்குத்துப் பைப்புகள் நின்றால் முப்பது அடிக்குக் குறையாமல் கிடைக்கும். ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு டீ போட்டு, கீழே அரை அடி நிப்பிளும் பால் வால்வும் வையுங்கள். விழும் தண்ணீர் அங்கே சேரும். ஃபில்டரும் ரெகுலேட்டரும் இந்த ஓட்டத்தின் கடைசியில், அதாவது ஹோஸ் மாட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் வரட்டும். செம்புக் குழாய் போட வசதி இருந்தால் இன்னும் நல்லது. வெப்பத்தை வேகமாக வெளியே தள்ளும், உள்ளே செதிளும் உதிராது.

பைப் வேலையில் நான்கு விதிகளை மறக்காதீர்கள். படுக்கையாக ஓடும் பைப், கம்ப்ரசரிலிருந்து விலகிப் போகும் திசையில் நூறு அடிக்கு ஓர் அடி சரிவில் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் காற்றின் போக்கிலேயே வடிகாலை நோக்கி ஓடும். கிளைக் குழாயை மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே கொண்டுவர வேண்டும்; அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் அடியில் ஓடும் தண்ணீர் எல்லாம் அந்தக் கிளைக்குள்ளேயே போய்விடும். டேங்குக்கும் பைப்புக்கும் நடுவே, சூடும் அழுத்தமும் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒரு துண்டு வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்ரசரின் அதிர்வு மரையைத் தின்றுவிடும். நான்காவது, ஃபில்டர் முன்னால், ரெகுலேட்டர் பின்னால். அழுத்தம் கூடுதலாக இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் நன்றாக விழும். அதைப் பிடித்த பிறகு 8 கிலோவை 3 கிலோவாகக் குறைத்தால், காற்று இரண்டு மடங்குக்கு மேல் விரிந்து, மிச்சமிருக்கும் ஆவி தளர்வாகிவிடும். நூறு சதவீத ஈரத்தோடு ரெகுலேட்டருக்குள் போகும் காற்று 45 சதவீதத்துக்கும் குறைவான ஈரத்தோடு வெளியே வரும். காசு செலவில்லாத உலர்த்தி அது.

பி.வி.சி. பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் டேங்க் வேலையில் மிஞ்சியது கிடக்கிறது, ‘பத்து கிலோ தாங்கும்’ என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது, ஒட்டினால் முடிந்தது என்று பல ஷெட்டுகளில் அதையே ஓட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கழற்றுங்கள். அந்த அச்சு தண்ணீருக்கானது. தண்ணீர்ப் பைப் வெடித்தால் நனைவோம். காற்றுப் பைப் வெடித்தால் அது கத்திச் சில்லுகளாகப் பறக்கும். சூட்டில் பி.வி.சி.யின் பலம் குறையும். கம்ப்ரசர் ஆயில் பட்டுப் பட்டு இன்னும் நலியும். என்று உடையும் என்று முன்கூட்டிச் சொல்லாது. சி.பி.வி.சி.யும் அப்படியே. அழுத்தக் காற்றுக்கென்றே தயாரித்து, அப்படியே குறிப்பிட்டு விற்கும் பிளாஸ்டிக் குழாய்கள் உண்டு. வேண்டுமானால் அவற்றை வாங்குங்கள்.

சுவரில் இடமில்லாதவர்களுக்கும், என்றைக்காவது ஒரு நாள் மட்டும் பெயிண்ட் அடிப்பவர்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, ஐஸ் போட்ட வாளித் தண்ணீரில் முக்கி, அதன் மறுமுனையில் ஃபில்டரை வையுங்கள். சுருளுக்குள் காற்று 15 டிகிரிக்கு ஆறினாலே 25 கிராமில் ஒன்றரை கிராமுக்கும் குறைவாகத்தான் ஆவியாக மிஞ்சும். ஐஸ் கரையும் வரை அது நல்ல டிரையர். பைப்புச் சுவரால் ஷெட்டின் வெப்பத்துக்குக் கீழே காற்றை இறக்க முடியாது, வாளியால் முடியும்.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள் ஹெட்டுக்கும் டேங்குக்கும் நடுவிலேயே ஃபின் வைத்த கூலரும் ஒரு ஃபேனும் பொருத்துகிறார்கள். தண்ணீர் டேங்குக்கு வருமுன்பே விழுந்துவிடும் என்பதால் இது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் அந்த இடத்தில் 150 டிகிரிச் சூடும் முழு அழுத்தமும் இருக்கின்றன. கூலர் அதைத் தாங்கும் தரமாக இருக்க வேண்டும். ரிட்டர்ன் வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. டேங்கின் வாயிலேயே இருக்க வேண்டும். இது உறுதியாகத் தெரியாதவர்கள் ஹெட் பக்கம் கை வைக்காமல் பைப்புச் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இவை எதையும் செய்யுமுன் கம்ப்ரசர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியில் மூடிய பொந்தில் வைத்தால், அது தன் சூட்டையே திரும்பக் குடித்துக்கொண்டிருக்கும். பெல்ட் வீல்தான் ஹெட்டுக்கு ஃபேன். அந்தப் பக்கம் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். அதே ஷெட்டில் கார் கழுவிவிட்டு, தரை நனைந்திருக்கும்போதே கம்ப்ரசரை ஓட்டாதீர்கள். லீக்கையும் அலட்சியப்படுத்தாதீர்கள். சோப்பு நுரை தடவி மூட்டுகளைச் சோதியுங்கள். கசியும் ஒவ்வொரு லிட்டர் காற்றுக்கும் பதிலாக வெளியிலிருந்து புதிதாகக் காற்று உள்ளே போகிறது. அதோடு தண்ணீரும் போகிறது.

அடுத்து உலர்த்தும் கட்டம். இங்கேதான் பணம் வீணாகிறது, ஆகவே உங்களுக்கு அது வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டயருக்குக் காற்று அடிக்க, தூசி ஊத, ஆணி அடிக்க டிரையர் வேண்டாம். ஆறவைத்து வடித்த காற்று போதும். இம்பாக்ட் ரெஞ்ச், கிரைண்டர் போன்றவற்றுக்கு வேலைக்கு முன் சில சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டால், துருவிலிருந்து தப்பும். ஆனால் பெயிண்ட் கன்னுக்குப் போகும் லைனில் அந்த ஆயில் கலக்கவே கூடாது. இரண்டுக்கும் ஹோஸைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாண்ட் பிளாஸ்டிங் செய்பவர்களுக்கு ஈரம் பட்டால் மணல் கட்டி தட்டி நாஸில் அடைக்கும். பிளாஸ்மா கட்டரில் டிப் சீக்கிரம் தேயும். பி.யூ. பெயிண்ட் அடிப்பவர்களுக்கோ அது வெறும் துளிப் பிரச்சினை இல்லை. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். காய்ந்த படலத்துக்குள் நுண்ணிய குமிழிகளாக நீங்கள் பார்ப்பது அந்த வாயுவைத்தான். இந்த மூவருக்கும் டிரையர் நியாயமான செலவு.

என்.சி. லாக்கர் அடிப்பவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மழை நாளில் அடித்ததும் மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடுகிறதே, அதற்குக் கம்ப்ரசர் காரணமில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லிட்டுப் போகிறது. அறைக் காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் பனியாகப் படிகிறது. எவ்வளவு உயர்ந்த டிரையர் வாங்கினாலும் இது தீராது. மெதுவாகக் காயும் தின்னரைக் கலக்கலாம், அல்லது வெயில் வரும் வரை காத்திருக்கலாம். வட்ட வட்டமாகப் பள்ளம் விழுந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயோ சிலிக்கானோதான். சொட்டுச் சொட்டாகக் கன் துப்புவதும், படலத்துக்கு அடியில் கொப்புளம் கிளம்புவதும்தான் லைன் தண்ணீரின் கைவரிசை. நோயைச் சரியாகப் பிரித்தறிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

வீட்டு அளவுக்குக் கட்டுப்படியாவது சிலிக்கா ஜெல் நிரப்பிய குடுவை. அது எப்போதும் வரிசையில் கடைசிதான். அரைக் கிலோ ஜெல் நூறு கிராம் தண்ணீரை ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரிக்கு ஆறி வடிந்த காற்றில், கம்ப்ரசர் உள்ளே இழுத்த ஒரு கன மீட்டருக்கு 4.4 கிராம்தான் இருப்பதால், இரண்டு எச்.பி. கம்ப்ரசர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் தாங்கும். அதே குடுவையை டேங்கின் வாயில் 60 டிகிரிக் காற்றுக்குக் கொடுத்தால் முக்கால் மணிகூடத் தாங்காது. சூட்டில் ஜெல்லின் உறிஞ்சும் திறனும் குறைவதால் உண்மையில் இன்னும் சீக்கிரம் தீரும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரியைத் தாண்டாமல் சூடாக்கினால் மறுபடி பயன்படும். சமையலறை அவனில் வேண்டாம். ஜெல்லின் தூள் கன்னுக்குள் போகாமல் பின்னால் ஒரு சின்ன ஃபில்டர் வையுங்கள்.

தினமும் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்பவர்கள் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வாங்கலாம். அது காற்றை 3 டிகிரி வரை குளிர்வித்துத் தண்ணீரை இறக்கும். ஐ.எஸ்.ஓ. 8573 தரப் பட்டியலில் ஈரத்துக்கான நான்காம் வகுப்பு என்பது இதுதான். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவு பொதுவாக 35 டிகிரியில் உள்ளே வரும் காற்றுக்கும் 25 டிகிரி அறைக்கும் கணக்கிட்டது. 38 டிகிரி ஷெட்டில் அது அவ்வளவு வேலை செய்யாது. ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள், அதற்கு முன்னாலும் காற்றை ஆறவிடுங்கள்.

இதுவரை சொன்னது பெயிண்ட்டைக் காப்பாற்ற. இனிச் சொல்வது உங்களைக் காப்பாற்ற.

டேங்கில் தேங்கும் தண்ணீர் அடிவயிற்றில் நிற்கிறது. அந்த இடத்தில் தகடு உள்ளிருந்து அரித்துக்கொண்டே போகும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். 8 கிலோ அழுத்தத்தில் இருக்கும் நூறு லிட்டர் டேங்க் வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் ஆற்றல் அது. அதற்குப் பக்கத்தில்தான் நாம் குனிந்து வேலை செய்கிறோம். பிள்ளைகள் சைக்கிள் எடுக்க வருகிறார்கள். தொழிற்சாலைகளில் இருக்கும் அழுத்தக் கலன்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சட்ட விதிகள் இருக்கின்றன. வீட்டு ஷெட்டுக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. இங்கே ஆய்வாளர் நீங்கள்தான்.

லாரி ஓட்டுநர்கள் இந்த விஷயத்தில் நமக்கு மூத்தவர்கள். ஏர் பிரேக் வண்டியின் காற்று டேங்குகளுக்கு அடியில் டிரெயின் வால்வு இருக்கும். தண்ணீரை வடித்துவிடுவது வண்டிப் பராமரிப்பில் ஒரு பாடம். இப்போதைய வண்டிகளில் ஏர் டிரையர் வந்துவிட்டது. அப்படியிருந்தும் டேங்கிலிருந்து டிரெயின் வால்வை யாரும் எடுத்துவிடவில்லை.

வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் மோட்டாரை அணைத்து, அழுத்தத்தை ஒன்று இரண்டு கிலோவுக்கு இறக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, டிரெயின் வால்வை மெல்லத் திறவுங்கள். தண்ணீர் நின்று வெறும் காற்று வந்த பிறகும் மூடாமல் இரவு முழுக்கத் திறந்தே விடுங்கள், உள்ளே காயட்டும். வால்வு இருக்கும் பக்கம் தாழும்படி எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வையுங்கள். வால்வு டேங்குக்கு அடியில் கை எட்டாத இடத்தில் இருப்பதால்தான் பலர் வடிப்பதே இல்லை. ஓர் எல்போவும் நீளமான நிப்பிளும் போட்டு வெளியே கொண்டுவந்து பால் வால்வு மாட்டிவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். டைமர் வைத்த ஆட்டோ டிரெயினும் கிடைக்கிறது; அதன் சல்லடை துருவில் அடைக்கும், அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். வரும் தண்ணீரில் ஆயில் கலந்திருக்கும். அதைச் செடிக்கும் ஊற்றாதீர்கள், சாக்கடைக்கும் விடாதீர்கள். கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

வடியும் தண்ணீர் காவி நிறமாக இருப்பது சாதாரணம். துருச் செதிளாக வந்தால் எச்சரிக்கை. டேங்கின் அடியில் எங்காவது வியர்த்தாற்போல ஈரமோ, ஊசி முனை அளவு கசிவோ தெரிந்தால், அந்த டேங்கின் ஆயுள் முடிந்தது. ஒட்டுப் போட்டு வெல்டிங் வைத்துத் தருவதற்குப் பட்டறைக்காரர் தயாராக இருப்பார். சம்மதிக்காதீர்கள். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றிலும் தகடு அதே அளவுக்கு மெலிந்திருக்கும். வாங்கி ஆண்டுகள் பல ஆன டேங்க், செகண்ட் ஹேண்டில் வந்த டேங்க் என்றால், ஹைட்ரோ டெஸ்ட் செய்பவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் சுருங்காது என்பதால் டேங்க் கிழிந்தாலும் வெடிக்காது. காற்றை ஏற்றி இந்தச் சோதனையை வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரோடு, ஃபிரிட்ஜுக்குக் கேஸ் ஏற்றும் காலி டிஸ்போசபிள் சிலிண்டரை இணைத்து டேங்காக்குவதையும் விட்டுவிடுங்கள். ஒருமுறை உபயோகத்துக்கான மெல்லிய தகடு அது, தண்ணீர் வடிய அடியில் வழியும் கிடையாது.

ஆயில் கண்ணாடியையும் எட்டிப் பாருங்கள். ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் அதற்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டுவதால் கிராங்க் பெட்டி சூடேறாமல் ஈரம் உள்ளேயே தங்குகிறது. ஆயிலை மாற்றிவிட்டு, அவ்வப்போது அரை மணியாவது தொடர்ந்து ஓடவிடுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1960இல் எல்ஜி நிறுவனம் தொடங்கிய கோயம்புத்தூர் இன்று நாட்டின் கம்ப்ரசர் ஊர்களில் ஒன்று. பம்பும் மோட்டாரும் கம்ப்ரசரும் செய்யத் தெரிந்த தமிழ்நாட்டில், வாங்க வருபவரிடம் “எங்கே வைக்கப் போகிறீர்கள், என்ன வேலைக்கு?” என்று இரண்டு கேள்வி கேட்பது கடினமில்லை. டேங்கின் வாயில் ஃபில்டரை முறுக்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். டிரெயின் வால்வை எப்படித் திறப்பது என்று ஒருமுறை செய்து காட்டி அனுப்புங்கள்.

நண்பர்களே, இன்று வேலை முடிந்ததும் டேங்கை வடியுங்கள். பி.வி.சி. இருந்தால் இந்த வாரமே கழற்றுங்கள். அடுத்ததாக ஃபில்டரை டேங்கிலிருந்து எடுத்து, முப்பது அடி இரும்புப் பைப்புக்கு அப்பால் மாட்டுங்கள். உங்களில் பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அப்போதும் கன் துப்பினால், அதன் பிறகு டிரையர் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே கடலோர ஊரில் கம்ப்ரசர் ஓட்டும் ஒருவன்